அக்கினி மூலையும் எர்த் கம்பியும்

(ஒரு புதுமனை திறப்பு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வீட்டை இன்று புரோகிதர் இல்லாமலும், ஓமப் புகை இல்லாமலும், நாள் நட்சத்திரம் பார்க்காமலும் திறந்து வைக்கிறோம். மிகவும் சந்தோஷம். ஆனால் புரோகிதரை வெளியே நிறுத்திவிட்டதனாலேயே பகுத்தறிவு உள்ளே வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. அவர் இருந்த இடத்தில் அறிவை உட்கார வைத்தோமா என்பதுதான் கேள்வி. ஆகையால் நான் இன்று சமையலறையைப் பற்றி, அதிலும் மின்சார அடுப்பை ஆபத்தில்லாமல் வைப்பது எப்படி என்பதைப் பற்றியே பேசப்போகிறேன். "சுயமரியாதைக் கூட்டத்தில் அடுப்புப் பேச்சா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள் பெரும்பாலும் அடுப்பண்டை நிற்காத ஆண்பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

நம் தாய்மார்கள் விறகடுப்பை ஊதி ஊதிக் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்துக்கொண்டது போதும். புகையில்லாத அடுப்பு வந்தது விஞ்ஞானத்தால்தானே ஒழிய, எந்தச் சாமி கொடுத்த வரத்தாலும் அல்ல. 1831-ம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவத்தைக் கொண்டுதான் இன்றைய இண்டக்‌ஷன் அடுப்பு வேலை செய்கிறது. அவர் ஒரு கொல்லருடைய மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். பிறப்பினால்தான் அறிவு வரும் என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள்?

அப்படி அறிவினால் வந்த அடுப்பை நம் மக்கள் எப்படி வைக்கிறார்கள்? முதலில் வாஸ்துக்காரரைக் கேட்கிறார்கள். அவர், "அடுப்பு அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும், சமைப்பவர் கிழக்கே பார்க்க வேண்டும்" என்கிறார். அந்த மூலையில் தண்ணீர்க் குழாய் இருந்தாலும் சரி, பிளக் வேறொரு மூலையில் இருந்தாலும் சரி, அடுப்பு அங்கேதான் போகிறது. பிறகு ஒரு நீட்டு வயரைத் தரையில் ஓடவிட்டு, ஈரக்காலோடு அதைத் தாண்டித் தாண்டிச் சமைக்கிறார்கள். தோழர்களே, மின்சாரத்துக்குக் கிழக்கும் தெரியாது, தென்கிழக்கும் தெரியாது. நல்ல நேரத்திலும் அது 230 வோல்ட்தான். ராகு காலத்திலும் 230 வோல்ட்தான். அதற்குத் தெரிந்ததெல்லாம் பூமிக்குப் போக வழி இருக்கிறதா என்பது ஒன்றே. அந்த வழி செம்புக் கம்பியா, உங்கள் மனைவியின் உடம்பா என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்.

கணக்குப் பாருங்கள்

ஜாதகக் கணக்கை விட்டு அடுப்புக் கணக்கைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு என்று வைத்துக்கொள்வோம். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் வரும். விசிறிக்கும் மிக்சிக்கும் போட்டிருக்கிற சிறு பிளக் 6 ஆம்பியருக்குத்தான். ஓடும் மின்சாரம் இரண்டு பங்கானால், கம்பியில் உண்டாகும் சூடு இரண்டு பங்கல்ல, நான்கு பங்கு. ஆகவே சிறு பிளக்கில் அடுப்பைச் சொருகினால் பிளக் உருகும், கம்பி எரியும். பிறகு, "யார் கண் பட்டதோ!" என்று பூசணிக்காய் உடைப்பார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது: மெயின் பெட்டியிலிருந்து அடுப்புக்கென்று தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 16 ஆம்பியர் பிளக். மேடையில் பதிக்கிற பெரிய அடுப்பானால் கம்பி இன்னும் பருமனாக வேண்டும். அதை லைசென்சு உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டுதான் செய்ய வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவது, நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து விடுவது போலாகும்.

மூன்றாவது துளை

பிளக்கில் மேலே இருக்கும் பெரிய துளைதான் எர்த். அடுப்புக்குள் கம்பி கழன்று வெளித்தகட்டில் பட்டால், மின்சாரம் அந்த வழியாகப் பூமிக்கு இறங்கும். பல பழைய வீடுகளில் துளை இருக்கும், பின்னால் கம்பி இராது. அது சாமியில்லாத கர்ப்பக்கிரகம் போன்றது என்று சொல்லலாம். ஆனால் அங்கே போனால் காசுதான் போகும், இங்கே உயிர் போகும். சிலர் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டுகிறார்கள். குழாய் இப்போது பிளாஸ்டிக். அதன் வழியே மின்சாரம் பூமிக்குப் போகாது. இரும்புக் குழாயானால் அந்த மின்சாரம் குழாயைத் தொடுகிறவர் கைக்கு வரும்.

எர்த்தோடு கசிவு மின்சாரத்தைக் கண்டு தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் வேண்டும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதாக வாங்குங்கள். அடுப்பு இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 300-ல் ஒரு பங்கு அது. அவ்வளவு சிறிய மின்சாரம் உடம்பில் பாய்வதைச் சாதாரணப் பியூஸ் கவனிக்கவே கவனிக்காது. பியூஸ் கம்பியைக் காப்பாற்றும். இந்தக் கருவி ஆளைக் காப்பாற்றும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அணையவில்லையென்றால் உடனே மாற்றுங்கள்.

கம்பிச் சுருள் வெளியே தெரியும் பழைய கரண்டு அடுப்பு வைத்திருப்பவர்கள் அதைத் தள்ளிவிடுவதே உத்தமம். பால் பொங்கினாலோ, கரண்டி பட்டாலோ மின்சாரம் கைக்கு வரும். சுவிட்சைத் தவறாக நியூட்ரல் கம்பியில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் சுருளில் மின்சாரம் இருக்கும்.

கோபுரத்துக்கு ஒரு நியாயம்

இதெல்லாம் கடவுள் செயல், விதி என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் இடி இடிக்கும்போது மாதா கோயில் மணியை அடித்தால் இடி விலகும் என்று நம்பினார்கள். கயிற்றைப் பிடித்து அடித்தவர்களே இடி விழுந்து செத்தார்கள். 1752-ல், மின்னல் என்பது மின்சாரமே என்று பெஞ்சமின் பிராங்ளின் சொன்னது பரிசோதனையில் ருசுவாயிற்று. அதன் பிறகு கோயில்களும் இடிதாங்கி வைத்துக்கொண்டன. நம் ஊர்க் கோபுரங்களிலும் இன்று இடிதாங்கி நிற்கிறது. சாமியே தன் வீட்டுக்கு எர்த் கம்பி போட்டுக்கொண்டிருக்க, பக்தன் மட்டும் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருப்பானேன்?

யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால், "பேய் அறைந்தது" என்று மந்திரிக்க ஓடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். கையால் தொடவே கூடாது. பிறகு ஆஸ்பத்திரி.

கிரகப்பிரவேசத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள், "எர்த்துக்கு ஏன் தண்டச் செலவு?" என்று கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள்? ஷாக் அடித்தால் சாகப்போவது சமைக்கிற பெண்தானே என்ற அலட்சியம்தான். ஆண்களும் நாளுக்கு ஒரு வேளை சமைக்கத் தொடங்கட்டும். மறு வாரமே எல்லா வீட்டிலும் எர்த் கம்பி வந்துவிடும்!

தோழர்களே, நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். எலெக்ட்ரீஷியனை அழைத்து உங்கள் வீட்டு மூன்றாவது துளையைச் சோதித்துப் பாருங்கள். கம்பி இல்லையென்றால், இந்த வாரமே போடுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.