தைலம் போதாத முதுகுவலி

கேரளத்து மலையூரான வித்துரா பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு முதுகு வலித்தால், வேலை செய்த வலி என்று தைலம் தேய்த்துக்கொள்வார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மல்டிபிள் மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். எலும்பை உள்ளிருந்தே கறையான்போல் அரிக்கும். எக்ஸ்ரேயில் அது தெரிவதற்குள் அந்த இடத்துச் சுண்ணாம்புச் சத்தில் 30 சதவீதமாவது போயிருக்கும். குறைந்த கதிர்வீச்சில் உடல் முழுவதையும் எடுக்கும் சி.டி. ஸ்கேனோ 5 மில்லிமீட்டர் ஓட்டையையே காட்டிவிடும். சில நிமிட வேலை. சாய ஊசிகூட வேண்டாம். 2019-இல் சர்வதேச மைலோமா நிபுணர் குழு இதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னது. பரிசோதனைக்காக மலையிறங்கினால், திருவனந்தபுரத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. ஐம்பதைத் தாண்டியவருக்கு விடாத எலும்பு வலியோடு ரத்தசோகையும் இருந்தால், தைலத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.