மங்கைப் பருவத்தின் நகை

சிரிப்பு எங்கே பிறக்கிறது என்னும் வினாவுக்குத் தொல்காப்பியர் மிகச் சுருக்கமாக விடை கூறியிருக்கிறார். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த அவர், அது தோன்றும் நிலைக்களங்கள் நான்கு என வகுத்தார். பிறரை எள்ளுவது ஒன்று, இளமை ஒன்று, பேதைமை ஒன்று, மடமை ஒன்று. இவற்றுள் முதலாவதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சிய மூன்றும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் ஒருங்கே குடியிருக்கக் காண்கிறோம். அவள் குழந்தையும் அல்லள், குமரியும் அல்லள். நேற்றுவரை அளவாயிருந்த சட்டை இன்று கையில் ஏறாது. பேச வேண்டிய இடத்தில் நா எழாது. பேசத் தகாத இடத்தில் வாய் மூடாது. இந்தப் பிள்ளையைத் தலைவியாக வைத்து மேலைநாட்டுத் தொலைக்காட்சியார் நகைச்சுவைத் தொடர்கள் பல ஆக்கியிருக்கின்றனர். அவற்றுள் இரண்டை எடுத்துக்கொண்டு, அவை யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு உணர்த்துவது யாது என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

முதலாவது, லிசி மக்குவயர் என்னும் தொடர். டெரி மின்ஸ்கி என்பவர் உருவாக்கிய இத்தொடர், அமெரிக்காவின் டிஸ்னி அலைவரிசையில் 2001 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் தொடங்கி, 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆம் நாள் வரை 65 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. தலைவியாக நடித்தவர் ஹிலரி டஃப். கதை தொடங்குங்கால் லிசிக்கு வயது பதின்மூன்று. அவள் பயிலும் வகுப்பு, நம் நாட்டுக் கணக்கில் ஆறாந் தரத்துக்கும் ஒன்பதாந் தரத்துக்கும் இடைப்பட்ட கனிஷ்ட இடைநிலைப் பிரிவைச் சேர்ந்தது. வகுப்பில் முதல்வியாக வருபவள் அல்லள் அவள். எல்லாரும் சூழ்ந்து நிற்கும் அழகி என்றும் பெயர் எடுத்தவள் அல்லள். கோர்டோ, மிராண்டா என இரு நண்பர். தொல்லை தரும் தம்பி ஒருவன். நல்லவரேயாயினும் நேரங்காலம் தெரியாமல் அன்பு செய்து மகளை நாணச் செய்யும் பெற்றோர். இவையே கதையின் மூலதனம்.

இத்தொடரின் உத்தி ஒன்று தமிழர்க்குப் புதிதன்று. லிசி ஓரிடத்தில் வெட்கி வாயடைத்து நிற்பாள். அவ்வேளை, கேலிச்சித்திரமாக வரையப்பட்ட மற்றொரு லிசி திரையில் தோன்றி, அவள் வெளியே சொல்ல மாட்டாததையெல்லாம் துணிந்து சொல்வாள். நம் அகப்பொருள் நூலோர் இதனை நெஞ்சொடு கிளத்தல் என்பர். தலைவி பிறரிடம் உரைக்க இயலாத துயரைத் தன் நெஞ்சையே முன்னிலைப்படுத்தி உரைப்பது அத்துறை. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்த முறையை, நூலறியாத ஒரு பள்ளிச் சிறுமியின் முகப்பருவுக்கும் நாணத்துக்கும் அத்தொடர் பயன்படுத்தியது. காண்போர் அவளைக் கண்டு நகைக்கும்போதே அவளுள்ளத்தையும் கேட்டுக்கொண்டிருந்தனர். கேட்டமையால் அந்நகை எள்ளலாகவில்லை. நகைச்சுவைக்கும் கேலிக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே.

இரண்டாவது தொடர் நமக்கு இன்னும் அணித்தான உறவுடையது. ஆங்கிலத்தில் ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ என்று பெயரிய அது, நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் வெளிவரத் தொடங்கி, நான்கு பருவங்களில் 40 பகுதிகளாக நிகழ்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிறைவெய்தியது. ஆக்கியோர் மிண்டி கேலிங், லாங் ஃபிஷர் ஆகிய இருவர். மிண்டி கேலிங்கின் தந்தையார் தமிழர். சொக்கலிங்கம் என்னும் குடும்பப் பெயரே கேலிங் எனச் சுருங்கித் திரிந்தது. கதைத் தலைவி தேவி விஸ்வகுமார், கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். லிசியிலும் சற்று மூத்தவள், பதினைந்து வயதினள். அவ்வேடத்துக்கு ஏறத்தாழ 15,000 பேர் முன்வந்தனர். தெரிந்தெடுக்கப்பட்டவர் கனடாவின் மிசிசாகா நகரில் 2001 ஆம் ஆண்டு பிறந்த மைத்திரேயி இராமகிருஷ்ணன். அப்போது அவருக்கு வயது பதினேழு. அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து ஏதிலிகளாகக் கனடா சென்று குடியேறிய தமிழர். 1983 ஆம் ஆண்டின் பின்னர் இத்தீவிலிருந்து சிதறிய குடிகளின் வழித்தோன்றல் ஒருத்தி, உலகெங்கும் காணப்பட்ட நகைச்சுவைத் தொடரொன்றின் நாயகியானாள் என்பது எளிய செய்தியன்று.

தேவியின் கதை சிரிப்புக் கதைதான். ஆயின் அதன் அடித்தளம் சாவு. பள்ளி இசைநிகழ்ச்சியில் அவள் யாழ் போன்ற ஹார்ப் என்னும் கருவியை மீட்டிக்கொண்டிருக்கையில், அவையிலிருந்த தந்தை மோகன் நெஞ்சடைத்து இறக்கிறார். அதன்பின் சில திங்கள் அவளுடைய கால்கள் செயலற்றுப் போகின்றன. கால்கள் மீண்ட பின்பும் துயர் மீளவில்லை. அத்துயரை அவள் ஒருவரிடமும் கூறாள். அதற்கு மாறாகப் பொய் சொல்கிறாள், தோழியரோடு பகைக்கிறாள், தகாத இடங்களில் கோபங்கொள்கிறாள். கதையை எடுத்துரைப்பவராக ஜோன் மெக்கன்ரோ என்னும் புகழ்பெற்ற டென்னிஸ் வீரரின் குரல் ஒலிக்கிறது. சிறுபெண் ஒருத்தியின் கதைக்கு ஏன் இக்குரல் என வியப்போர், இறந்த தந்தை பெரிதும் விரும்பிய வீரர் அவர் என்பதையும், கோபத்துக்குப் பெயர்போனவர் அவர் என்பதையும் அறிந்ததும் தெளிவர்.

தொல்காப்பியர் அழுகைக்கும் நான்கு நிலைக்களம் கூறினார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இழவு என்பது தந்தை தாயரையும் பிற அன்புடைப் பொருள்களையும் இழத்தல். தேவியிடத்தில் இளமை என்னும் நகைக்களமும் இழவு என்னும் அழுகைக்களமும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே உள்ளதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். கீழே உள்ளதை அறிந்தபின் நம் சிரிப்பு அடங்கி இரக்கமாகிறது. தாய் நளினி கண்டிப்பானவள், மருத்துவர், கணவனை இழந்தும் கண்ணீரை அடக்கிக் குடும்பத்தைத் தாங்குபவள். ஒரு கட்டத்தில், அன்று மாண்டது தாயாக இருந்திருக்கலாகாதா என்று மகள் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். முதற் பருவத்தின் முடிவில், மோகனின் சாம்பலைக் கடலிற் கரைக்கையிலேதான் இருவரும் ஒருவர் துயரை ஒருவர் காண்கின்றனர். இருவரும் இழந்தது ஒருவரையே; ஆயினும் அதுவரை தனித்தனி அறைகளில் அழுதார்கள்.

அன்பர்களே, இனி நம் முற்றத்துக்கு வருவோம்.

நம் பாட்டியல் நூலோர் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பகுத்தனர். பலரும் கொள்ளும் கணக்கின்படி பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று வரை; மங்கைக்குப் பன்னிரண்டும் பதின்மூன்றும்; அதன்மேல் மடந்தை. மங்கை என்னும் பருவத்துக்கு இரண்டே ஆண்டுகள் ஒதுக்கியமை கருதத்தக்கது. விரைந்து கடக்கும் ஓர் இடைவழி அது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் உலா இலக்கியத்தில் இப்பெண்கள் வீதியுலா வரும் தலைவனைக் காணவே நிறுத்தப்படுகின்றனர். அவர்களுடைய சொந்தக் கவலைகளைக் கேட்பாரில்லை.

யாழ்ப்பாணத்தில் இன்றும் அந்நிலை முற்றாக மாறிற்று என்று சொல்வதற்கில்லை. பிள்ளை பெரியபிள்ளையானாள் என்றதும் வீடு விழாக்கோலம் பூணும். நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் ஊட்டுவர், தண்ணீர் வார்ப்பர், சாமத்தியச் சடங்கு நிகழும். இக்காலத்தில் மண்டபம், அலங்கார மேடை, ஒளிப்படம், காணொளி என அது விரிந்துவிட்டது. ஊரும் உறவும் அவளைப் பார்க்கின்றன. பட்டும் நகையும் தாங்கி, மேடையில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கும் அப்பிள்ளையிடம், ‘இது உனக்கு எப்படி இருக்கிறது, பிள்ளை?’ என்று கேட்டவர் எத்தனைபேர்? அன்பு குறைந்தமையால் எழுந்த மௌனமன்று இது. கேட்கும் வழக்கம் இல்லாமையால் எழுந்தது.

வேறொரு காரணமும் உண்டு, அது ஆழமானது. 1983 ஆம் ஆண்டு வலிகாமத்தில் பிறந்த பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். 1990 ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனபோது அவளுக்கு வயது ஏழு. மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகளில் அவள் வளர்ந்தாள். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே வீதியால் நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அவளுக்கு வயது பன்னிரண்டு. அவள் மங்கைப் பருவம் மழையிலும் அகதி முகாமாகிய பள்ளிக்கூடத்திலும் கழிந்தது. நாணுவதற்கு மறைவிடமும், நகைப்பதற்குப் பொழுதும் அவளுக்கு வாய்க்கவில்லை.

அப்பெண் இன்று தாய். அவளுடைய மகள் ஆறாந் தரத்திலோ எட்டாந் தரத்திலோ பயில்கிறாள். தோழி தன்னோடு பேசவில்லை என்று மகள் அழுதால், ‘நாங்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் இதுவும் ஒரு துன்பமோ?’ என்னும் சொல் தாயின் வாயில் தானே வந்துவிடும். அச்சொல்லில் நியாயம் உண்டு. ஆயினும் துன்பத்தைத் துன்பத்தோடு வைத்து நிறுக்கும் தராசு வீட்டுக்குள் உதவாது. பெரியதைத் தாங்கியவள் சிறியதைச் சிறியதென்றே தள்ளிவிட்டால், மகள் நாளை பெரியதையும் சொல்லாமல் விட்டுவிடுவாள். நளினியும் தேவியும் நடித்துக் காட்டியது இதைத்தான். தாயின் மௌனமும் மகளின் சீற்றமும் ஒரே இழவின் இரு முகங்கள்.

நகைச்சுவை யாழ்ப்பாணத்துக்குப் புறம்பானதன்று. இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் விதானையார் வீட்டிலும், சானா என்னும் சண்முகநாதனின் பெயரோடு இணைந்த இலண்டன் கந்தையாவும் நம் பேச்சுமொழியின் சுவையை உணர்த்தின. ஆயினும் அவற்றின் பெயர்களே காட்டுவதுபோல், விதானையாரும் கந்தையாவுமே நடுவில் நின்றனர். வீட்டுச் சிறுமி நடுவில் நிற்கவில்லை. பிற்காலத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற நாடகங்களால் பிள்ளைகளை மேடைக்கு அழைத்தார்; பிள்ளைகள் புலம்பெயர்ந்தபின் ஊரில் தனித்துப்போன முதியோரை ‘எந்தையும் தாயும்’ நாடகத்தில் காட்டினார். இனி வேண்டுவது இடையிலுள்ளவளின் கதை. 1824 ஆம் ஆண்டு உடுவிலில் மகளிர் பாடசாலை கண்ட மண் இது. இருநூறு ஆண்டுகளாக எழுதப் பயின்ற பெண்கள், தம் பதின்மூன்றாம் வயதைத் தாமே நகைச்சுவையாக எழுத மாட்டாரோ?

2022 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரேனிங் ரெட்’ என்னும் சித்திரப்படம், ரொறன்ரோ நகரில் வாழும் பதின்மூன்று வயதுச் சீனச் சிறுமியின் கதை. உணர்ச்சி மிகுந்தால் அவள் பெரிய செந்நிறப் பண்டாவாக மாறிவிடுவாள். அவளுடைய தோழி பிரியாவுக்குக் குரல் கொடுத்தவரும் மைத்திரேயியே. சீனத் தாய் ஒருத்தியின் அச்சமும் மகளின் நாணமும் அப்படத்தில் நம் வீட்டு அச்சமும் நாணமுமாகவே தோன்றுகின்றன. பருவம் எந்நாட்டிலும் ஒன்றே. அதனை ஏற்றுக்கொள்ளும் வீடுதான் வேறுபடுகிறது.

ஆதலின் தாய்மாரிடம் ஒன்று வேண்டுவேன். மகள் தன் வகுப்பில் நடந்ததைச் சொல்ல வந்தால், அடுப்பைச் சற்றுத் தணித்து வைத்துவிட்டுக் கேளுங்கள். அறிவுரையை அன்றே கூற வேண்டியதில்லை. அவள் சிரிக்கும்போது அவளோடு சிரியுங்கள். பின் ஒருநாள், உங்கள் பன்னிரண்டாம் வயதில் நாவற்குழிப் பாலத்தில் நீங்கள் கையில் எடுத்துச் சென்றது யாதென அவளுக்குச் சொல்லுங்கள். அவளும் கேட்பாள்.