சூரியப் பிழம்பும் கூலிங் கிளாஸும்

(நமது குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பதினைந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய விளிம்பில் எழுந்து நின்ற பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பிழம்புகளில் அந்த ஆண்டு தெரிந்த மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் ஆனது.

பிழம்பு என்றாலும் அது நெருப்பு இல்லை. சுமார் 10,000 டிகிரி வாயு. சுற்றியுள்ள கொரோனாவோ பத்து லட்சம் டிகிரி. அதைவிட நூறு மடங்கு அடர்த்தியான இந்த வாயு, விழாமல் வாரக்கணக்கில் தொங்குகிறது. தாங்குவது காந்தப்புலம். அதை எப்படி அளப்பது? அங்கே திசைகாட்டி கொண்டுபோக முடியாதே!

போலராய்டு கூலிங் கிளாஸ் வைத்திருப்பவர்கள் போட்டுக்கொண்டு செல்போனை மெல்லத் திருப்புங்கள். பல போன்களில் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்த ஒளி ஒரே திசையில் அதிர்கிறது என்று அர்த்தம். (அதைப் போட்டுக்கொண்டு சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.)

கீழிருந்து வரும் சூரிய ஒளியைப் பிழம்பு சிதறடிக்கும்போதும் அப்படி ஒரு திசை உண்டாகிறது, மிகக் கொஞ்சமாக. காந்தப்புலம் இருந்தால் அந்தத் திசை சற்றுத் திரும்பும், அளவும் குறையும். 1924-இல் ஹான்லே பாதரச ஆவியில் விளக்கியது இதுதான். 1970-களில் பிரான்சின் பிக் டு மிடி மலையில் இதே மஞ்சள் கோட்டை வைத்து அளந்தார்கள். அமைதியான பிழம்புகளில் சில காஸ் முதல் சில பத்து காஸ் வரை. நம் பூமிக்கு அரை காஸ். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தமே இதைவிட பலசாலி! ஆனால் பிழம்பின் நீளம் பல பூமிகளுக்குச் சமம்.

சிக்கல் என்னவென்றால், கண்ணாடியில் பட்டாலே ஒளியின் அதிர்வு மாறும். கொடைக்கானல் கோபுரத் தொலைநோக்கியில் ஒளி மூன்று கண்ணாடிகளில் பட்டுத்தான் 60 மீட்டர் சுரங்கத்துக்குள் போகிறது. கண்ணாடி செய்த மாற்றத்தை முதலில் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பாதி வேலை அதுதான்.

நமக்கென்ன என்கிறீர்களா? இந்தக் காந்தப் பிடி குலைந்தால் பிழம்பு வெடித்துக் கிளம்பும். 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலால் கனடாவின் கியூபெக்கில் அறுபது லட்சம் பேருக்குச் சுமார் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. அதற்கு நம் ஜெனரேட்டர் போதாது. நமக்கு வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா எல்-1, 15 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து இப்போது சூரியனைக் கவனிக்கிறது. கொரோனாவின் காந்தத்தை இரும்பின் அகச்சிவப்புக் கோட்டில் இதே முறையில் அளக்க அதில் ஒரு கருவி உண்டு.

நம் மொட்டை மாடியிலிருந்து பிழம்பு தெரியுமா என்று ஒருவர் கேட்டார். ஹைட்ரஜன் ஒளிக்கான தனி வடிகட்டி பொருத்திய தொலைநோக்கி இருந்தால் தெரியும்.