குப்பை போகும் ஊரையும் கேட்போம்



பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் திருமழிசையைத் தாண்டினால் குத்தம்பாக்கம். 1996-இல் இளங்கோ ரங்கசாமி ஊராட்சித் தலைவரான பிறகு நாடே திரும்பிப் பார்த்த ஊர் இது. தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் சுவரோடு சுவராக வாழும் இரட்டை வீடுகளைக் கட்டிக் காட்டிய ஊர்.

இந்த ஊரின் மேய்க்கால் புறம்போக்கில் ஏறத்தாழ 100 ஏக்கரைக் குப்பைக் கிடங்குக்கு ஒதுக்கத் திட்டம் வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்குப் புறநகர்கள் கழிக்கும் குப்பை இங்கே வந்து சேர வேண்டும். கிராம சபை கூடியது. வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. ஆடு மாடு மேய்கிற நிலம் அது. பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் அந்த ஏரித் தண்ணீரையும் சென்னை குடிக்கிறது. மழை பெய்தால் குப்பைமேட்டிலிருந்து கறுப்பாய் வடியும் சாறு எங்கே போகும்? குத்தம்பாக்கத்து மக்கள் கேட்ட கேள்வியில் சென்னைவாசிகளின் குடமும் இருந்தது.

நகரங்களின் பக்கமும் நியாயம் உண்டு. வீடும் தொழிற்சாலையுமாக நெருங்கிவிட்ட அம்பத்தூரில் காலி இடத்துக்கு எங்கே போவது? ஊருக்கு ஒரு குப்பைமேடு என்று விட்டதால்தான் அத்திப்பட்டிலும் ஆவடி சேக்காட்டிலும் குப்பை குவிந்தது. அதைவிட, பல ஊர்களுக்குப் பொதுவாக ஒரே கிடங்கை ஒழுங்காக அமைப்பது மேல். 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள நகரங்களுக்குப் பொதுக் கிடங்கு அமைக்க 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் வழி சொல்லின. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று தூரத்தையும் அளந்து கொடுத்தன. ஆனால், அந்த ஊர் சம்மதித்ததா என்பதை எந்த அளவுநாடா அளக்கும்?

ஊரைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் பார்த்தது. திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை 2000-ஆம் ஆண்டிலிருந்து விளப்பில்சாலை என்ற கிராமத்தில் இருந்த ஆலைக்குப் போனது. பொறுத்துப் பார்த்த ஊராட்சி 2011 டிசம்பரில் ஆலையின் கதவைப் பூட்டியது. நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் வந்தும் மக்கள் வழிவிடவில்லை. கடைசியில் வீட்டிலேயே குப்பையை உரமாக்கும் வழிக்கு அந்த நகரம் திரும்ப வேண்டியிருந்தது. முதலிலேயே செய்திருக்கலாம்!

நான் சொல்ல வருவது இதுதான்: இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது கேட்பதே ஆகாது. தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஊர் உடன் உட்கார வேண்டும். அதற்கு இடம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 243இசட்இ பிரிவு, பெருநகரத் திட்டக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது. அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களை, நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவடிக்காரரும் குத்தம்பாக்கத்துக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் குப்பையைவிட வேறு என்ன இருக்கிறது?

அந்த மேசை இல்லாவிட்டால் குப்பை மறுக்க வழியில்லாத இடத்துக்கு நகரும். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதன் குப்பை வடசென்னையின் கொடுங்கையூருக்குப் போனது. அங்கே மறுத்துத் தீர்மானம் போட ஒரு கிராம சபைகூட இல்லை. மூச்சு முட்டுவது மட்டும் அந்த மக்களுக்கு.

அந்த மேசைக்குப் போகும் நகரம் வெறுங்கையோடு போகக் கூடாது. மக்கும் குப்பையை எங்கள் ஊரிலேயே உரமாக்கிவிட்டோம், மறுசுழற்சிக்கானதைப் பிரித்துவிட்டோம், மிஞ்சிய இந்தக் கொஞ்சத்துக்குத்தான் இடம் கேட்கிறோம் என்று சொல்லும் தகுதியோடு போக வேண்டும். அந்தத் தகுதியைச் சம்பாதிக்க வேண்டியவர்கள் நாம். நாளைக் காலை தூய்மைப் பணியாளர் வாசலுக்கு வரும்போது நம் கையில் ஒரு வாளி இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்பதில்தான் அது தொடங்குகிறது.