வழுவும் வழுவமைதியும்: ஒரு லினக்ஸ் திருத்தத்தின் கதை



இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் கணினியின் உட்கருவைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் நிரல் எழுதுபவன் அல்லன். ஒரு பழுதின் பின்னால் ஏறத்தாழ இரண்டு மாதம் அலைந்தவன். அந்த அலைச்சலில் நான் கற்றவற்றுள் பாதி மொழியைப் பற்றியதாகவே அமைந்தது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

1990களில் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்தேன். ஒலிநாடாக்கள் மொத்தம் 60. பேசியவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. நாடாக்களும் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிட்டன. ஓய்வு பெற்ற பின், அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, யூ.எஸ்.பி. வழியே இணையும் சிறிய ஒலிப்பெட்டி ஒன்றின் துணையோடு கணினிக்கு மாற்றிவந்தேன். 38 நாடாக்கள் முடிந்திருந்தன. கணினியில் இயங்கும் லினக்ஸைப் புதுப்பித்த மறுநாள், 39ஆவது நாடாவில் ஒரு மூதாட்டி பேசத் தொடங்கிய சில நொடிகளில் ஒலி அறுந்தது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அறுந்தது. நைந்த நாடாவை எத்தனை முறை ஓட்டுவது? நிறுத்திவிட்டேன்.

என்னிடம் தமிழ் பயின்று பின்னர் மென்பொருள் பொறியாளரான மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் பழைய பதிப்பை ஏற்றிக் காட்டினார். பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. "அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்ளலாமே" என்றேன். "வைத்துக்கொள்ளலாம் ஐயா. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் உங்களுக்கு வந்து சேரா. இதே பெட்டியை வாங்கிய மற்றவர்கள் என்ன செய்வார்கள்?" என்றார். அந்த இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

உட்கரு என்று நான் சொல்வது கெர்னலை. நாம் எழுதவும் கேட்கவும் பயன்படுத்தும் செயலிகளுக்கும், கையால் தொடக்கூடிய வன்பொருளுக்கும் நடுவே நின்று இருபுறமும் பேசும் துபாஷி அது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 386 கணினிக்காக அதை எழுதத் தொடங்கினார். அன்று அதற்குத் தெரிந்த வன்பொருள்கள் மிகச் சில. இன்று அதன் மூலநிரலில் பாதிக்கு மேல் சாதன இயக்கிகளே. ஒரு யூ.எஸ்.பி. சாதனம் செருகப்பட்டதும் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது: ஒன்று உற்பத்தியாளர் எண், மற்றொன்று பொருள் எண். முன்பே ஆதரவுள்ள ஒன்றை ஒத்த புதிய சாதனமாயின், அந்த எண் இணையை அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்ப்பதே சில வேளைகளில் போதுமானது. அகராதியில் ஒரு சொல்லைப் பதிவது போன்ற வேலை.

எங்கள் பழுது அத்தனை எளிதன்று. நன்றாக இருந்த பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே சுமார் 13,000 மாற்றங்கள். அவற்றுள் எது குற்றவாளி? மாணவர் பயன்படுத்திய முறை இருகூறிடல். நடுவில் உள்ள மாற்றம் வரை உட்கருவைக் கட்டி, கணினியைத் தொடங்கி, பதிவு செய்து பார்ப்பது. ஒலி அறுந்தால் குற்றம் முன்பாதியில், அறாவிட்டால் பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் 14 சோதனைகளில் ஒரே மாற்றத்தில் வந்து நிற்கலாம். மூன்று வாரஇறுதிகள் பிடித்தன. சோதனைக்கு அந்த மூதாட்டியின் நாடாவை நான் தரவில்லை. பழைய திரைப்பாடல் நாடா ஒன்றைத் தந்தேன்.

கடைசியில் அகப்பட்ட மாற்றத்தைப் படித்தபோது எங்களுக்கு ஏமாற்றம்தான். அதில் பிழையே இல்லை. யாரோ ஒருவர் தேவையற்ற சில படிகளை நீக்கி, நிரலைச் சீராக்கி, விரைவாக்கியிருந்தார். நல்ல வேலை. ஆனால் என் ஒலிப்பெட்டிக்கு ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் இடையே மூச்சு வாங்கச் சிறிது நேரம் வேண்டும். பழைய நிரலின் மந்தம் அறியாமலே அந்த நேரத்தைத் தந்துவந்தது. மந்தம் நீங்கியதும் பெட்டி திணறிவிட்டது.

இப்போது சொல்லுங்கள், வழு யாருடையது? தமிழ்க் கணிமையாளர்கள் இத்தகைய பழுதுக்கு 'வழு' என்ற சொல்லையே ஆள்கின்றனர். நம் இலக்கணத்திலிருந்து எடுத்த சொல். நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக்குகிறார். அதோடு நிற்கவில்லை. பசுவை 'அம்மா வந்தாள்' என்பது திணைவழு; உவப்பினால் சொன்னால் அது வழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்று காரணங்களையும் எண்ணித் தருகிறார். குற்றம் குற்றமாகவே இருக்கிறது. காரணம் காட்டப்படுவதால் அமைத்துக்கொள்ளப்படுகிறது.

லினக்ஸ் உட்கருவில் இதற்கெனத் தனிக் கோப்புகளே உண்டு. பி.சி.ஐ. வழியே இணையும் சாதனங்களின் கோணல்களுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கோப்பு ஒன்று. இன்ன சில்லு தன்னைப் பற்றித் தவறான தகவல் தருகிறது, நம்பாதே. இன்ன சாதனம் உறங்கினால் எழாது, உறங்க விடாதே. இப்படி அடுக்கடுக்காக. படிக்கையில் எனக்கு உரையாசிரியர்களின் நினைவே வந்தது.

ஏழனுள் ஒன்றான விடைவழுவுக்கும் அங்கே இடமுண்டு. கணினியைத் தொடங்கி வைக்கும் நிலைப்பொருள், 'நீ விண்டோஸின் இன்ன பதிப்புக்கு ஒத்தவன்தானா?' என்று வினவுவதுண்டு. லினக்ஸ் கூசாமல் 'ஆம்' என்கிறது. 'லினக்ஸா?' என்று கேட்டால், இயல்பு நிலையில், 'இல்லை' என்கிறது! பல உற்பத்தியாளர்கள் விண்டோஸை வைத்தே தம் கணினிகளைச் சோதிக்கின்றனர். உண்மை பேசினால் சோதிக்கப்படாத பாதையில் போய் விழவேண்டும். ஆகவே பொய் பேசுகிறது. ஏன் பேசுகிறது என்பதையும் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் பழுதுக்கும் தீர்வு அதுவே. ஏற்கெனவே இயங்கிவந்த ஒன்று புதிய மாற்றத்தால் நின்றுபோனால், பொறுப்பு உட்கருவினுடையது என்பது அச்சமூகத்தில் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் நெறி. பெட்டியின் குறையைச் சுட்டித் தப்பிக்க இயலாது. ஒலிச் சாதனங்களுக்குரிய கோணல் அட்டவணையில் அதன் எண் இணையை எழுதி, 'ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் 20 மில்லி நொடி பொறு' என்னும் குறியை இட்டால் போதும். ஒரே வரி. மாணவர் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டார்.

அந்த ஒரு வரியோடு அனுப்பவேண்டிய விளக்கத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் எழுதிய முதல் விளக்கம் ஏறக்குறைய இது: 'ஒலிப்பெட்டி சரியாக இயங்கவில்லை. சரிசெய்யப்பட்டது.' அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் ஏற்கவில்லை. எது நின்றது, எப்போதிருந்து, ஏன், இந்தத் திருத்தம் அதை எவ்வாறு நீக்குகிறது என்று கேட்டிருந்தார். மாணவர் சோர்ந்து போனார். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. முப்பதாண்டுகள் மாணவர் கட்டுரைகளில் நான் சிவப்பு மையால் கேட்ட கேள்விகள் அவை. செயப்பாட்டுவினை செய்தவனையும் காரணத்தையும் ஒருங்கே மறைத்துவிடும்.

அங்கே வினைவடிவத்துக்கும் விதியுண்டு. 'இத்திருத்தம் தாமதத்தைச் சேர்க்கிறது' என்று எழுதலாகாது. 'தாமதத்தைச் சேர்' என்று எழுதவேண்டும். நிரலை நோக்கிக் கட்டளையிடுவது போல, ஏவலில். இந்த விதியை நான் முதலில் வெறும் பழக்கம் என்றே எண்ணினேன். எழுதிப் பார்த்தபின் எண்ணம் மாறியது. ஏவலில் எழுதும்போது ஒரு திருத்தத்துக்குள் இரண்டு வேலைகளை ஒளித்து வைப்பது கடினம்.

விளக்கத்தின் அடியில் சில வரிகள் வரும். பழுதைப் புகுத்திய பழைய மாற்றத்தைக் குறைந்தது 12 எழுத்துள்ள அடையாளத்தால் சுட்டவேண்டும். அது பழிசுமத்தல் அன்று. எந்தெந்தப் பதிப்புகளுக்கு இந்த மருந்து தேவை என்று பிறர் அறிவதற்கு. எழுதியவர் தம் பெயரைக் கையொப்பமாக இடவேண்டும். 2004 முதல் உள்ள வழக்கம். பழுதை அறிவித்தவர் பெயரும் சோதித்தவர் பெயரும் இடம்பெறும். அந்த இரண்டு வரிகளிலும் என் பெயர் இருக்கிறது. என் நூல்கள் எவற்றிலும் தகவல் தந்த முதியவர்களின் பெயர்களை நான் இத்தனை முறையாகப் பதிந்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான்காம் முறை அனுப்பியது ஏற்கப்பட்டது. முதலில் மைய நிரலுக்கும், பின்னர் நிலைப்பதிப்புகளுக்கும் சென்றது. நிலைப்பதிப்புகளில் சேர்வதற்கு விதிகள் கடுமையானவை: திருத்தம் சூழல்வரிகள் உட்பட 100 வரிகளைத் தாண்டலாகாது, சோதிக்கப்பட்டிருக்கவேண்டும். புதிய சாதன எண்களுக்கும் இத்தகைய கோணல் பதிவுகளுக்கும் அங்கே இடமுண்டு.

புதுப்பித்த அன்று மாலை 39ஆவது நாடாவை மீண்டும் போட்டேன். ஒலி அறவில்லை. அந்த மூதாட்டி, விடியற்காலைப் 'பெரட்டு'க்குப் பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'பெரட்டு' என்பது அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து வடிவம். அதை அவர் பன்மையாக்கும் முறையை நான் அன்று களத்தில் கவனிக்கத் தவறியிருந்தேன். இப்போது குறித்துக்கொண்டேன். இன்னும் ஐந்து நாடாக்கள் எஞ்சியுள்ளன.