சிப்பாய் வீட்டுக் கண்ணீர்

(கித்துல்கலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் ஒரு பகுதி)



இதே களனி ஆற்றங்கரையில்தான் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் அமைத்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1957-இல் வெளிவந்த அப்படம் உலகெங்கும் ஓடிற்று. அது சொல்லாத கதை ஒன்றுண்டு. சயாம் – பர்மா இருப்புப் பாதையில் மாண்ட வெள்ளைச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து யப்பானியர் கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளரோ பல்லாயிரவராய் மாண்டனர். லயத்தில் காத்திருந்த மனைவி மக்களுக்குச் சேதி சொல்லவும் ஆளில்லை.

சேதியின்றிக் காத்திருப்பது எத்தகைய துன்பம் என்பதை நம்மவர் அறிவர். அத்துன்பம் நம் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமங்களிலும் உண்டு என்பதையே இன்று சொல்ல வந்தோம்.

சிலருக்கு இது கசக்கும். அச்சிப்பாயின் துவக்கு நம்மவரை நோக்கி நீண்டதன்றோ என்பர். மறந்தோமில்லை. ஆயினும், வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த ஏழை மகனின் தாய் யாருக்கு என்ன தீங்கு செய்தாள்? முத்திரையிட்ட பெட்டி வந்தால், உள்ளே இருப்பவன் தன் மகன்தானா என்னும் ஐயம் அவளை விடாது. பெட்டியே வராவிடின், மருமகள் சுமங்கலியோ கைம்பெண்ணோ என்று ஊரால் சொல்ல முடியாது. போதி பூசையும் சாத்திரக்காரன் வாக்குமே அவ்வீட்டின் கதி.

கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச என்னும் அம்மையாரின் மகன் 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிப் போரில் காணாமற்போனார். அம்மையார் அழுதுகொண்டு வீட்டில் அமரவில்லை. தம்மையொத்த தாய்மாரைத் திரட்டினார். சிப்பாய் ஒவ்வொருவனும் அடையாளத் தகடு அணிய வேண்டும் என வற்புறுத்தினார். புலிகளின் தலைவர்களையே நேரிற் கண்டு பேசினார். வீரர் எனப் புகழ்ந்து சிலை எழுப்பும் அரசு, ஒரு தகட்டுக்காகத் தாயைப் போராட வைத்தது!

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் சேதியற்றவருக்கு மரணச் சான்றிதழ் பெறலாம். மகன் இறந்தான் எனத் தாயே எழுதிக் கேட்க வேண்டும்! எந்தத் தாய் ஒப்புவாள்? 2016-இல்தான், இறந்தார் என்னாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளிக்கப்பட்டது. அதைக்கொண்டு சொத்துக் காரியங்களைப் பார்க்கலாம், உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டின் காணாமற்போனோர் அலுவலகச் சட்டமோ, வடகிழக்கில் காணாமற்போனவரையும் போர்க்களத்தில் காணாமற்போன படையினரையும் ஒரே வரைவிலக்கணத்துள் வைக்கின்றது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்து போராடிய நம் தாய்மாருக்கு அவ்வலுவலகத்தின்மீது நம்பிக்கையில்லை, எமக்கும் அதிகமில்லை. எனினும் சட்டம் இணைத்த இவ்விரு தாய்மாரும் ஒரே வாயிலில் நின்று கேட்டால், இனத்தைக் காட்டிப் பிரித்தாள்வது ஆட்சியாளருக்கு அத்துணை எளிதன்று.

உங்கள் அயலூரில் அத்தகைய வீடு இருப்பின், அத்தாயை அழைத்து வாருங்கள். சிங்களத்திலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். கட்டணம் வாங்கோம்.