தீராத வயிற்று வலிக்கு ஒரு வழி
(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



இன்று உங்களோடு பேச நாங்கள் எடுத்துக்கொண்டது நாள்பட்ட கணைய அழற்சி என்ற வியாதி. பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் வருஷக்கணக்காக வயிற்று வலி என்றும் அல்சர் என்றும் மாத்திரை சாப்பிட்டு, பலன் காணாமல் எங்களிடம் வந்து சேருகிறவர்களில் சிலருக்கு இருப்பது இந்த வியாதிதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் இருக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அதற்கு இரண்டு வேலைகள். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது ஒன்று; இன்சுலினை இரத்தத்தில் கலப்பது மற்றொன்று. இந்த உறுப்பு திரும்பத் திரும்பப் புண்பட்டு இறுகும்போது, அதன் நடுவிலுள்ள குழாயில் சுண்ணாம்புக் கற்கள் சேரலாம். நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, அழுத்தம் கூடுகிறது. நரம்புகளும் கெடுகின்றன. மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகுவரை துளைத்துக்கொண்டு போகும். முழங்காலை மடக்கி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்று ஆறுதல். சாப்பிட்டால் வலி வருமே என்று பயந்து பட்டினி கிடந்து, எலும்பும் தோலுமாகப் போனவர்கள் உண்டு.

குடியும் புகையிலையும் இவ்வியாதிக்குப் பெரிய காரணங்கள் என்பது மெய்தான். ஆனால் மதுவைத் தொட்டே அறியாத பிள்ளைகளுக்கும் வாலிபருக்கும் வரும் ஒரு வகை உண்டு. 1959ல் ஸூயிடெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவிலிருந்து இதைப்பற்றி எழுதினார். பின்பு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைக் கண்டு, 1968ல் ஒரு நூலே வெளியிட்டார். நம்முடைய தமிழ்நாட்டிலும் இது இருக்கிறது. மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கு இதில் பங்குண்டு என்று 2002ல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இதை ஏன் விவரமாகச் சொல்லுகிறோம்? இந்த நோயாளிகள் வலியோடு பழியையும் சுமக்கிறார்கள். வாலிபனைக் குடிகாரன் என்கிறார்கள். வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று பெண்பிள்ளையைச் சொல்லுகிறார்கள். பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது. பேசிவைத்த கல்யாணமும் நின்றுபோகிறது. ஸ்கேன் படத்தில் கற்களைக் காட்டி, இவர்கள் சொன்னது உண்மை என்று குடும்பத்தாருக்கு விளக்குவதே எங்கள் முதல் சிகிச்சை. அந்த நேரத்தில் தாய்மார் அழுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

மருந்தால் வலி அடங்காமல், கணையக் குழாயும் விரிந்திருந்தால், அறுவை சிகிச்சை செய்யலாம். குழாயை நீளவாக்கில் திறந்து, கற்களை எடுத்து, சிறுகுடலின் ஒரு வளையத்தை அதோடு இணைத்துத் தைக்கிறார்கள். தேங்கிய நீருக்கு வழி கிடைக்கிறது. இம்முறையை 1960ல் பார்ட்டிங்டன், ரோஷெல் என்ற இருவர் விவரித்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் இறுகிப்போன சதையையும் குடைந்தெடுக்கும் முறையை 1987ல் ஃப்ரே என்பவர் சேர்த்தார்.

முன்பெல்லாம் அறுவை சிகிச்சையைக் கடைசி வழியாகவே வைத்திருந்தார்கள். 2020ல் நெதர்லாந்திலிருந்து ஒரு ஆய்வு வெளியானது. குழாய் விரிந்திருந்த 88 நோயாளிகளில், சீக்கிரமே அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு, எண்டோஸ்கோப்பி முறையை முதலில் முயன்றவர்களைவிட வலி குறைவாயிருந்தது. பல வருஷம் வலி ஊசிக்குப் பழகிப்போனவர்களுக்கு அறுவை சிகிச்சையின் பலன் குறைகிறது என்பதும் தெரிந்ததே. ஆகவே பணம் சேரட்டும் என்று ஒரு ஏழை காத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் அவருக்கு நஷ்டம்.

அதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அறுவை சிகிச்சை வலியைக் குறைக்கும். கெட்டுப்போன கணையத்தைப் புதிதாக்காது. சிலருக்கு வலி முழுவதும் நீங்குவதுமில்லை. செரிமானத்துக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் கணைய நொதி மாத்திரை வேண்டும். பலருக்குச் சர்க்கரை நோயும் வந்து, இன்சுலின் தேவைப்படுகிறது. இவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் ஆபத்தும் அதிகம். ஆகையால் சோதித்துப் பார்க்கும் கருவியும் வீட்டில் இருக்கவேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலுக்குள் வைத்த மண்பானையில் இன்சுலினைப் பாதுகாக்கக் கற்றுக்கொடுக்கிறோம். பிற்காலத்தில் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதலாயிருப்பதால், வலி நின்றபிறகும் இவர்கள் வந்து காட்டவேண்டும்.

பிள்ளைப்பருவத்தில் வலி, வாலிபத்தில் சர்க்கரை, நடுவயதுக்கு முன் மரணம் என்றே ஒரு காலத்தில் இவ்வியாதியைப்பற்றிச் சொன்னார்கள். இன்று அப்படிச் சொல்லவேண்டியதில்லை, சிகிச்சை இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தில் பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாயிருந்த மனுஷனை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அவனை இறக்கிவிடத்தான் ஆள் இல்லை. எங்கள் நோயாளிகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

உங்கள் காணிக்கை இந்த இடத்தில்தான் உதவுகிறது. அறுவை சிகிச்சைச் செலவில் குடும்பத்தால் கட்ட முடியாத பங்கு, கூடவே இருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ தங்குமிடமும் சாப்பாடும், நாள்கூலியை விட்டுவிட்டு மறுபரிசோதனைக்கு வருகிறவருக்குப் பஸ் கட்டணம், நொதி மாத்திரை, இன்சுலின் ஆகியவை இதில் அடங்கும். ஒருதரம் கொடுக்கும் பெரிய தொகையைப்போலவே, மாதந்தோறும் வரும் சிறு தொகையும் எங்களுக்கு அவசியம். இன்சுலின் மாதந்தோறும் வாங்கவேண்டியதாயிற்றே.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறோம். உங்கள் சபையிலோ தெருவிலோ, அடிக்கடி வயிற்று வலியால் சுருண்டு மெலிந்துபோகும் பிள்ளையைக் கண்டால் பழி சொல்லாதிருங்கள். ஒரு நல்ல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். எங்கள் நோயாளிகளுக்காகவும், அறுவை சிகிச்சை அறையில் நிற்கிறவர்களுக்காகவும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.